கழுவினால் போகாத காட்மியம்: கீரைக்குள் கன உலோகம் நுழையும் வழி

கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசும்போது இலையில் ஒட்டியிருக்கும் மண்ணும் தூசியும் போய்விடுகின்றன. அவற்றோடு ஈயத்தின் கணிசமான பகுதியும் போகிறது. ஈயம் மண் துகள்களை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அது வேர் வழியாக இலைக்கு ஏறுவது குறைவு. சாலையோரத் தோட்டங்களில் விளையும் கீரையில் காணப்படும் ஈயம் பெரும்பாலும் காற்றில் வந்து படிந்ததும் மழையில் தெறித்த சேற்றோடு ஒட்டியதும்தான். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டாலும், அதற்கு முன் புகையோடு வெளியேறி மண்ணில் இறங்கிய ஈயம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் கழிவில் வரும் குரோமியமும் செடிக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுகிறது.

காட்மியம் அப்படியல்ல. அது இலையின் சதைக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை முறை அலசினாலும் அது வெளியேறாது. தனிமம் என்பதால் அடுப்பின் சூட்டிலும் அழியாது.

மின்முலாம் பூசும் பட்டறைகள், நிக்கல்-காட்மியம் பேட்டரிகள், சாயப்பொருள்கள், துத்தநாகச் சுரங்கங்கள் ஆகியவற்றிலிருந்து காட்மியம் கழிவுநீரில் கலக்கிறது. பாஸ்பேட் உரம் தயாரிக்கப்படும் பாறையிலும் அது இயற்கையாகவே சிறிதளவு உண்டு. இப்படி வயலுக்கு வந்து சேரும் காட்மியம் மண்ணின் ஈரத்தில் கரைந்து, நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாக வேரை அடைகிறது. செடிக்கு இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் தேவை. அவற்றை உள்ளே இழுப்பதற்கென்றே வேர்ச் செல்களின் சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. மின்னூட்டத்திலும் அளவிலும் அந்த உலோகங்களை ஒத்திருப்பதால், காட்மியமும் அதே புரதங்கள் வழியாக உள்ளே போய்விடுகிறது. செடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உள்ளே வந்ததைச் செடி சும்மா விடுவதுமில்லை: கந்தகம் நிறைந்த சிறு புரதத் துண்டுகளைத் தயாரித்து, அவற்றால் காட்மியத்தைப் பிணைத்து, வாக்குவோல் எனப்படும் செல்லின் உட்பைக்குள் அடைத்துவைக்கிறது. வேரில் அடைபடாமல் தப்பிய காட்மியம், சைலம் எனப்படும் நீர் கடத்தும் குழாய்கள் வழியாக, நீரோடு சேர்ந்து இலைக்கு ஏறுகிறது. அங்கும் செடி அதை உட்பைகளில் அடைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதனால்தான் காட்மியம் மிகுந்த கீரையும் பச்சைப்பசேலென்று, வாட்டமே இல்லாமல் சந்தைக்கு வந்துசேர முடிகிறது. கண்ணால் பார்த்து எவராலும் பிரித்தறிய முடியாது.

நீரோட்டம் அதிகமாகச் சென்றடையும் உறுப்பு இலை. ஆகவே பாலக்கீரை, தண்டுக்கீரை, லெட்டூஸ் போன்றவற்றில் காட்மியம் மிகுதியாகவும், கத்தரி, தக்காளி, அவரை போன்ற காய்களில் குறைவாகவும் சேர்கிறது. ஒரே வயலில், ஒரே தண்ணீரில் விளைந்தாலும் இந்த வேறுபாடு பொதுவாக இருக்கும்.

நம் உடலிலும் ஏறக்குறைய இதே ஏமாற்றுதான் நடக்கிறது. சிறுகுடல் இரும்பை உறிஞ்சும் கடத்திப் புரதம் காட்மியத்தையும் ஏற்றுக்கொள்கிறது. வழக்கமாக உணவிலுள்ள காட்மியத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் உடலில் சேரும். ஆனால் இரும்புச்சத்து குறைந்த உடல், கிடைக்கும் இரும்பையெல்லாம் பிடிப்பதற்காக அந்தப் புரதங்களைப் பெருக்கிக்கொள்கிறது. அப்போது காட்மியம் சேரும் அளவு இருமடங்குக்கு மேலும் உயரக்கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அந்தச் சோகைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு ஒரு முக்கியக் காரணம். ஆக, ஒரே குழம்பைச் சாப்பிடும் குடும்பத்தில் சோகை பிடித்த பெண்ணின் உடலே அதிகக் காட்மியத்தை வாங்கிக்கொள்கிறது. இந்தச் சிக்கலில் என்னை மிகவும் வருந்தச் செய்வது இதுதான்.

சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் தங்குகிறது. அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். நாளடைவில் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகுழல்கள் பழுதாகி, உடல் மீட்டெடுத்திருக்க வேண்டிய சிறு புரதங்களும் கால்சியமும் பாஸ்பேட்டும் சிறுநீரில் வீணாகின்றன, எலும்புகள் வலுவிழக்கின்றன. ஜப்பானில் கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து, தொயாமா மாவட்டத்தின் நெல்வயல்களில் பாய்ந்தபோது நேர்ந்தது இதன் உச்சம். அங்கே நோயுற்றவர்கள் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற, பல பிள்ளைகளைப் பெற்ற பெண்கள். இருமினாலே எலும்பு முறியும் நிலைக்கு ஆளானவர்களும் அவர்களில் இருந்தனர். 1968-இல் ஜப்பானிய அரசு இதைச் சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது.

நம் தட்டில் இருப்பது அந்த அளவு அல்ல. எனினும் கணக்கைப் பார்க்க வேண்டும். சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ கீரையில் 0.2 மில்லிகிராம் வரை காட்மியத்தை அனுமதிக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் என்பது, சர்வதேச வல்லுநர் குழு 2010-இல் வகுத்த, உடல் தாங்கக்கூடிய உச்ச அளவு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டு நிற்கும் கீரையில் 100 கிராம் சாப்பிட்டாலே 20 மைக்ரோகிராம் போய்ச் சேர்கிறது. சோறும் மற்ற காய்களும் தருவது தனி. இதற்காகக் கீரையைக் கைவிடுவது தவறு. இரும்பும் ஃபோலேட்டும் தரும் கீரையை விட்டுவிட்டால் இழப்பு நமக்கே. எப்போதும் ஒரே இடத்துக் கீரையை வாங்காமல் மாற்றி வாங்குவதும், சோகைக்கு மருத்துவம் பார்ப்பதும் வீட்டளவில் செய்யக்கூடியவை.

வயலில் செய்யக்கூடியது இன்னும் அதிகம். மண் அமிலத்தன்மை அடையும்போது காட்மியம் எளிதில் கரையும். சுண்ணாம்பு இட்டு அதைச் சரிசெய்தால் வேருக்குக் கிடைப்பது குறைகிறது. தொழுவுரமும் மட்கும் காட்மியத்தைப் பிடித்துவைக்கின்றன. ஐயத்துக்குரிய நிலத்தில் கீரைக்குப் பதிலாகக் காய்கறியோ பூவோ பயிரிடலாம். ஆனால் பாய்ச்சும் தண்ணீரிலேயே உலோகம் வந்துகொண்டிருந்தால் இவை எதுவும் நெடுநாள் தாங்காது. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் யமுனையின் வெள்ளச் சமவெளியில் உணவுப்பயிர் விளைவிக்கத் தடை விதித்தது. உண்பவரைக் காக்க அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் உலோகத்தை ஆற்றில் விட்டவர் உழவர் அல்லர். பட்டறைக் கழிவைச் சாக்கடையில் கலக்கும் முன்பே பிரித்துச் சுத்திகரிக்காதவரை, தடையின் சுமை உழவர் தலையில் மட்டுமே விழும்.

தொயாமாவில் 1979-இல் தொடங்கிய நிலச் சீரமைப்பு 2012 வரை நீண்டது. 800 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சீராக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1972-இல் சுரங்க நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வென்ற அந்த ஊர் மக்கள், சுரங்கத்துக்குள் வல்லுநர்களோடு நுழைந்து கழிவை ஆய்வு செய்யும் உரிமையை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் நடந்த அந்த ஆய்வுகளின் விளைவாக ஜின்சூ ஆற்றின் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியது. நம் ஊர்களில் கழிவுநீர்க் கால்வாய்க் கரையில் கீரை போடும் உழவர்களுக்கும் தேவைப்படுவது அத்தகைய உரிமைதான்.