பாட்டியின் கட்டைவிரலும் சிவப்பு ஐசியும்

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் ஒரு வங்கிக் கவுண்டர். பாட்டியின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கருவியில் செருகிய பெண், "கட்டைவிரலை வைங்க பாட்டி" என்றார். சிவப்பு விளக்கு. விரலைத் துடைத்து மறுபடி வைத்தோம். அப்போதும் சிவப்புதான்.

பாட்டி கெடா மாநிலத்தின் ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். கத்தியின் உராய்வும், பாலை உறைய வைக்கும் அமிலமும் ரேகையைத் தேய்த்துவிட்டன. மேல்தோல் உரிந்தால் அடித்தோலிலிருந்து அதே ரேகை திரும்ப முளைக்கும். ஆனால் வயதாக ஆகத் தோல் மெலிந்து காய்ந்துபோகிறது. மேடுபள்ளம் கருவிக்குப் பிடிபடுவதில்லை.

2001இல் வந்த மைகார்டு என்ற மின்னணு ஐசியின் சில்லில் இருப்பது ரேகையின் புள்ளிக் குறிப்பு. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, எந்தக் கோணத்தில் என்பதுதான் அதில் பதிவாகியிருக்கும். விரலை வைத்ததும் கருவி அதேபோல் புதிதாகக் குறித்து, இரண்டையும் ஒப்பிடுகிறது. போதுமான புள்ளிகள் பொருந்தினால் பச்சை. சில்லில் இரண்டு கட்டைவிரல்களும் உண்டு. அந்தப் பெண் இடது விரலை வைக்கச் சொன்னார். பச்சை எரிந்தது.

சரி, விரல் பாட்டியுடையது என்று கருவி ஒப்புக்கொண்டது. அட்டையின் நிறத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நீலம் குடிமக்களுக்கு. பாட்டியுடையது சிவப்பு, அதாவது நிரந்தர வசிப்பிடவாசி.

இந்த அட்டை பிறந்ததே பயத்தில்தான். 1948 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலம் அறிவித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளையும் ஊர் மக்களையும் பிரித்தறிய, 12 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் படமும் கைரேகையும் பதித்த காகித அட்டை கொடுத்தார்கள். போராளிகள் தோட்டங்களில் புகுந்து அந்த அட்டைகளைப் பிடுங்கி எரித்தார்கள். அட்டை இல்லாதவனைப் போலீஸ் சந்தேகித்தது. வைத்திருந்தவனைப் போராளிகள் மிரட்டினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது தோட்டத்துச் சனம்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, பிறகும் அட்டையைப் பாதுகாப்புக் கண்ணோடு பார்க்கும் அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. ஐசி வழங்கும் தேசியப் பதிவிலாகா இன்றும் உள்துறை அமைச்சின் கீழ்தான் இருக்கிறது; போலீஸ், சிறைச்சாலை, குடிநுழைவு எல்லாம் அதே கூரையின் கீழ். 2004இல் உள்நாட்டுப் பாதுகாப்புக்குத் தனி அமைச்சு அமைத்து, பதிவையும் குடிநுழைவையும் உள்துறையிடம் விட்டார்கள். 2008இல் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தப் பிரிப்பு நீடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். யார் ஆபத்தானவர் என்று தேடும் வேலையும், யார் நம்மவர் என்று எழுதும் வேலையும் ஒன்றல்ல.

பாட்டியின் எண்ணையே பாருங்கள். ஐசியின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பாட்டியுடையது 44 என்று தொடங்குகிறது. நடுவில் 02, அதாவது கெடா. இங்கேதான் பிறந்தார் என்று எண் சொல்கிறது, குடிமகள் இல்லை என்று நிறம் சொல்கிறது. மெர்டேக்காவுக்கு முன் கெடாவில், இந்தியாவில் பிறந்த பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தானாக வந்துவிடவில்லை. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு வழியாக விண்ணப்பித்துப் பதிய வேண்டும்; மலாய் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் அதை யார் வந்து சொன்னார்கள்?

பாட்டி பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சி எதையும் எழுதி வைக்கவில்லை. இப்போது குடியுரிமை விண்ணப்பத்தோடு இணைக்க, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.