ஸ்டேபிள்: பிழையில்லாததா, மாறாததா?

இயங்குதளம் ஒன்றைத் தரவிறக்கப் போனால் ‘ஸ்டேபிள்’ என்ற சொல் கண்ணில் படாமல் இருக்காது. ‘இது மக்கர் செய்யாது’ என்றே பலரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. பாதியில் செயலிழக்காதது என்று ஒரு பொருள், மாறாதது என்று இன்னொரு பொருள். லினக்ஸ் வழங்கல்களின் (லினக்ஸோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் இயங்குதளங்களின்) பதிப்புப் பெயராக வரும்போது இரண்டாவதுதான் முதன்மை.

லத்தீனில் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டாரே’ இதன் வேர். அதிலிருந்து ‘ஸ்டபிலிஸ்’ பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரை லாயத்தைக் குறிக்கும் ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லுக்கும் இதுவே வேர். குதிரைகள் நிற்கும் இடம் அல்லவா? தமிழில் ‘நில்’ என்பதிலிருந்து நிலை, நிலையம், நிறுத்து எல்லாம் கிளைக்கின்றன. இன்ஸ்டாலுக்கு நாம் வைத்திருக்கும் ‘நிறுவு’கூட அந்தக் குடும்பம்தான்.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் 12ஆம் பதிப்பு ஸ்டேபிளாக வந்தபோது, அதிலிருந்த மென்பொருள்களின் பதிப்பு எண்கள் அப்படியே உறைந்துவிட்டன. பிறகு ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் பொதுவாகப் புதிய பதிப்பைக் கொண்டுவர மாட்டார்கள்; திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் சேர்ப்பார்கள். இதற்கு பேக்போர்ட் என்று பெயர். பதிப்பு எண்ணின் வாலில் ‘டெப்12யூ1’ என்று ஒட்டிக்கொள்ளும், அடுத்த திருத்தத்துக்கு ‘யூ2’. வாலைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கும் சோதனைக் கருவிகள் ‘பழைய பதிப்பு, ஆபத்து’ என்று வீணாக அலறுவதும் உண்டு. பயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் விதிவிலக்கு. அவற்றுக்குத் திருத்தங்களைப் பின்னோக்கிச் சேர்த்துக் கட்டுப்படியாகாது, புதிய பதிப்பே வந்துவிடும்.

இதனால் மாற்றம் நின்றுவிடுவதில்லை, தள்ளிப்போகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு மாற்றமெல்லாம் சேர்ந்து அப்கிரேடு செய்யும் அந்த ஒரு நாளில் வந்து இறங்கும். 2015இல் டெபியன் 8 வந்தபோது, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலே மாறி, சிஸ்டம்டி இயல்பிருப்பாக வந்தது. ஆர்ச் லினக்ஸ் என்ற இன்னொரு வழங்கலின் வழி இதற்கு நேர் எதிர்: எந்த நாளிலும் சிறு மாற்றம் வரலாம், ஆனால் பெரிய நாள் என்று ஒன்று கிடையாது. உபுண்டு என்ற வழங்கலின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும். ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. வழங்கியை (சர்வரை) நிர்வகிப்பவர்கள் ஸ்டேபிளையே கேட்பதற்குக் காரணம், எப்போது உடையும் என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்பதுதான்.

அப்கிரேடு செய்யும் அந்த நாளின் ஒரு நொடியைப் பாருங்கள். டெபியன் அப்கிரேடு ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று ஒரு கேள்வி கேட்கும்: இந்த அமைப்புக் கோப்பை (மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் கோப்பை) நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், தொகுப்பிலும் புதியது வந்திருக்கிறது, எதை வைக்கட்டும்? ‘டி’ தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். பேசாமல் என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். அப்படி விட்டதால் புதிய மென்பொருள் பழைய அமைப்போடு ஒத்துப்போகாமல் கிளம்ப மறுப்பதும் நடக்கும்.

தமிழில் ‘நிலையான பதிப்பு’ என்பதே புழக்கத்தில் இருக்கிறது. தவறில்லை, ஆனால் என்றென்றும் இருக்கும் என்பது போன்ற தொனி அதில் ஏறிவிடுகிறது. எந்தப் பதிப்புக்கும் ஆதரவு முடியும் நாள் உண்டு. ‘உறுதியான பதிப்பு’ முதல் பொருளுக்குத்தான் பொருந்தும். என் தேர்வு ‘நிலைத்த பதிப்பு’. அதுவரை அசைந்துகொண்டிருந்தது இப்போது நிலைகொண்டது என்ற வரலாறும் அந்தப் பெயரெச்சத்தில் அடங்கிவிடுகிறது.

எதிர்ப்பக்கம் நிற்கும் ‘டிஸ்ரப்டிவ்’ என்பதன் லத்தீன் வேருக்கு உடைத்துப் பிளப்பது என்று பொருள். ‘சீர்குலைக்கும்’ என்று எழுதினால் குற்றச்சாட்டு போல ஒலிக்கிறது. ‘முறிக்கும் மாற்றம்’ போதும். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா பழைய 32 பிட் செயலிகளை (ஆப்களை) இயக்குவதை நிறுத்தியது தெரிந்தே செய்த முறிப்பு.

புதிய மென்பொருள்கள் முதலில் வந்து சேரும் ‘அன்ஸ்டேபிள்’ என்ற டெபியன் கிளையை ‘நிலையாப் பதிப்பு’ எனலாம். அறநூல்கள் பாடிய நிலையாமை நினைவுக்கு வந்து பயமுறுத்த வேண்டாம். அந்தக் கிளை தினமும் மாறும். தினமும் உடையும் என்பதில்லை.