பலி: சிலுவையோடு சேர்ந்து வரும்போது இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

"இயேசு நம் பாவங்களுக்காகப் பலியானார்." கொங்கு நாட்டில் சர்ச்சுக்குப் போகிற எவருக்கும் மனப்பாடமான வாக்கியம் இது. சொல்கிற நமக்குப் புரிகிறது, சரி. கேட்கிறவர் காதில் அது என்னவாக விழுகிறது? காலையில் பேப்பரைப் பிரித்தால் "லாரி மோதி இருவர் பலி" என்று இருக்கிறது, அங்கே பலி என்றால் வெறும் சாவு, யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கருப்பராயன் கோவில் கெடா வெட்டுக்குப் போகிறார், அங்கே கொடுக்கிற குடும்பம் உண்டு, வாங்கிக்கொள்கிற சாமி உண்டு, நடுவில் ஒரு ஆடு உண்டு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அவர் பெரிய வெள்ளிப் பிரசங்கத்தைக் கேட்டால் என்ன நினைப்பார்? பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏனுங் தம்பி, எங்க சாமி ஆட்டைத்தானுங் கேக்குது, உங்க சாமி பெத்த பையனையேவா கேட்டுச்சு?"

நியாயமான கேள்வி. சபையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவர்களே கேட்கத் தயங்குகிற கேள்வியும்கூட. பதில் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல்லின் வேர் வரைக்கும் போக வேண்டும்.

பலி வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குக் காணிக்கை என்றும், ஆளுகிறவனுக்குக் கட்டுகிற கப்பம் என்றும் பொருள். ரத்தம் கட்டாயமில்லை. தமிழுக்கு வந்தபோதும் அப்படித்தான் வந்தது. குறுந்தொகை 210-ஆம் பாட்டில், விருந்து வரப்போகிறது என்று கரைந்த காக்கைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று தோழி சொல்கிறாள்: நள்ளி என்கிற வள்ளலின் காட்டுப் பசுக்களின் நெய்யும் தொண்டியின் வெண்ணெல் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் "சிறிது, விருந்து வரக் கரைந்த காக்கையது பலியே" என்கிறாள். நெய்ச்சோறுதான் அங்கே பலி. (பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், இந்தப் பாட்டால்தான் அந்தப் பெயர்.) திருமுருகாற்றுப்படையில் கிடாயின் குருதியில் பிசைந்த வெள்ளரிசியைப் பலியாக வைக்கிறார்கள், அங்கே ரத்தம் வருகிறது. ஆனால் சம்பந்தர் தம் முதல் பதிகத்திலேயே சிவனை "வற்றலோடு கலனாப் பலி தேர்ந்து" வருகிறவன் என்று பாடும்போது பலி என்பது பிச்சை, ஓட்டில் ஏந்துகிற சோறு. இன்றைக்கும் பேரூர் பட்டீசுவரர் கோவிலானாலும் அவிநாசியானாலும் கொடிமரத்தை ஒட்டிப் பலிபீடம் இருக்கிறது, அதன்மேல் வைப்பதும் சோறுதான், கத்தி அந்தப் பக்கமே போவதில்லை. ஆக, பலி என்றாலே வெட்டு என்று நினைக்கிற பழக்கம் சொல்லின் முழு வரலாறு ஆகாது. ரத்தமும் அதற்குள் உண்டு, சோறும் உண்டு, பிச்சையும் உண்டு.

இடையில் ஒன்று. "கனவு பலிக்கும்", "வாக்குப் பலித்தது" என்கிறோமே, அந்தப் பலித்தல் வேறு. அது பலன் என்பதோடு உறவு கொண்ட சொல். இரண்டும் ஒரே வரியில் வந்து மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 1871-ல் வெளிவந்த ஹென்றி பவர் என்பவரின் மொழிபெயர்ப்பின் வழியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வாசிக்கிற வேதாகமத்தில் ரோமர் 3:25-ஐ எடுத்துப் பாருங்கள், "பலிக்கும் கிருபாதாரபலியாக" என்று இருக்கும். முதல் "பலிக்கும்" பயன் தருகிற என்ற பொருளில் வருகிறது, பின்னால் கிருபாதாரபலியில், அதாவது பாவம் தீர்க்கிற பலியில், வருவதுதான் நாம் பேசுகிற பலி. வேகமாக வாசித்தால் இரண்டும் ஒன்று போலக் கேட்கும்.

இனி மூலமொழிகள். எபிரெயத்தில் காணிக்கைக்கும் பலிக்கும் பொதுவான சொல் கொர்பான். மாற்கு 7:11-ல் அதே சொல் தமிழிலும் அப்படியே நிற்கிறது. பக்ரீத்துக்கு ஈரோட்டிலும் கோவையிலும் எல்லாரும் சொல்கிற குர்பானிக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்: கிட்ட வருதல், நெருங்குதல். கடவுளின் அருகே கொண்டுபோய் வைப்பது எதுவோ அது கொர்பான். லத்தீனில் "சேக்கர்" என்றால் கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டது, அதோடு "செய்தல்" சேர்ந்து "சாக்ரிஃபிச்சியும்" ஆனது. ஒன்றைக் கடவுளுக்குரியதாக ஆக்குவது என்று பொருள். கொல்வது என்ற பொருள் அந்தச் சொல்லின் எந்தப் பாதியிலும் கிடையாது.

இதற்கு நம் ஊரில் அச்சான சொல் இருக்கிறது. "அது சாமிக்கு நேந்து உட்ட கெடா." இந்தப் பேச்சைக் கேட்காத கொங்கு ஊர் உண்டா? அந்தக் கெடா மற்ற ஆடுகளோடுதான் மேயும், அதே பட்டியில்தான் படுக்கும், ஆனால் அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால்கூட அதைச் சந்தைக்கு ஓட்ட மாட்டார்கள். அது இனி அவர்களுடையது இல்லை. வெட்டுகிற நாள் ஆறு மாதம் கழித்து வரலாம், ஒரு வருடம்கூடப் போகலாம், நேர்ந்துவிட்ட அன்றைக்கே அது சாமியுடையது ஆகிவிட்டது. பலியின் உயிர் அந்த நேர்தலில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். யோவான் 17:19-ல் இயேசு சிலுவைக்கு முந்தின இரவு ஜெபிக்கும்போது "அவர்களுக்காக நான் என்னைத்தானே பரிசுத்தமாக்குகிறேன்" என்கிறார். பாவமே இல்லாதவர் தம்மை ஏன் பரிசுத்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்று பலர் இந்த இடத்தில் குழம்புவார்கள். "அவர்களுக்காக என்னை நானே நேர்ந்துகொள்கிறேன்" என்று வாசித்துப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய ஏற்பாட்டுப் பலிகளைப் பற்றி நிறையத் தப்பெண்ணம் இருக்கிறது. லேவியராகமத்தில் சர்வாங்க தகனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி இவற்றோடு போஜனபலி என்று ஒன்றும் உண்டு: மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி, அவ்வளவுதான். பாவநிவாரணத்துக்கே இரண்டு புறாவுக்கும் வழியில்லாத ஏழை மாவைக் கொண்டுவந்தால் போதும் என்று 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. 16-ஆம் அதிகாரத்தில் வருகிற பாவநிவிர்த்தி நாளுக்கு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று பலியாகிறது. மற்றதன் தலையில் ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். இதற்குத் தமிழ் வேதாகமம் வைத்த பெயர் போக்காடு. எவ்வளவு அழகான சொல், ஏனோ வேதாகமத்துக்கு வெளியே அதிகம் பேர் இந்தப் பொருளில் எடுத்து ஆளவில்லை. அடுத்தவன் பழியைச் சுமக்கிறவனைப் "பலிகடா" என்று பத்திரிகைகள் எழுதும்போது அவர்கள் சொல்ல வந்தது உண்மையில் இந்தப் போக்காட்டைத்தான்.

தீர்க்கதரிசிகளும் சும்மா இருக்கவில்லை. "பலியை அல்ல இரக்கத்தையும்" விரும்புகிறேன் என்று ஓசியா எழுதினார், இயேசு அதை எடுத்துச் சொல்லி, போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று பரிசேயரை அனுப்பினார் (மத்தேயு 9:13). பிறகு எப்படி அவருடைய சாவே பலி என்று ஆனது?

கண்ணால் பார்த்தவர்களுக்கு அது பலியே கிடையாது. ரோமர்கள் ஒரு கைதிக்குக் கொடுத்த மரண தண்டனை, அதுவும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கிற இழிவான தண்டனை. பீடம் இல்லை, ஆசாரியன் இல்லை, நகர வாசலுக்கு வெளியே நடந்தது. அதைப் பலி என்று சீடர்கள் அறிந்துகொண்டது இரண்டு விஷயங்களால்: அது நடந்த நேரம் பஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை ஆட்டுக்குட்டி அடித்து வீட்டோடு உண்டு நினைக்கிற பண்டிகை. இன்னொன்று, முந்தின இரவு அப்பத்தைப் பிட்டு "இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என்னுடைய சரீரம்" என்று அவரே சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டு போவதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது.

கெடா வெட்டைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சத்தண்ணியைத் தலையிலும் முதுகிலும் தெளித்துவிட்டு எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் உத்தரவு, கத்தி இறங்கும். துலுக்கவில்லையா, கூட்டம் அப்படியே நிற்கும், இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள், வீட்டுப் பெரியவர் கைகூப்பி "சாமி, என்ன குத்தமிருந்தாலும் பொறுத்துக்க" என்பார், பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அதன் சம்மதம் இல்லாமல் வெட்டினால் அது கொலை, பலி ஆகாது என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஈரம் பட்டால் ஆடு சிலிர்ப்பது உடம்பின் இயல்புதான், அதற்குத் தான் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாது. எபிரெயர் நிருபம் 10-ஆம் அதிகாரம் கை வைப்பது இந்த இடத்தில்தான். காளை, வெள்ளாட்டுக்கடா இவற்றின் ரத்தம் பாவங்களை நிவிர்த்தி செய்யமாட்டாது என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் "உம்முடைய சித்தத்தின்படி செய்ய, இதோ, வருகிறேன்" என்கிற ஒருவரை நிறுத்துகிறது. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு வேர்த்துக் கொட்டி, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டு, கடைசியில் "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றது தெரிந்தே கொடுத்த சம்மதம். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" (யோவான் 10:18) என்று தம் உயிரைப் பற்றி அவர் சொன்ன வசனத்தை விட்டுவிட்டுச் சிலுவையைப் பலி என்று விளக்கவே முடியாது.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம், "கேட்டுச்சு" என்றாரே, அதற்கு. தொல்காப்பியம் ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்துக் காட்டும்: தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது "ஈ" என்பான், சமமானவன் "தா" என்பான், உயர்ந்தவன் "கொடு" என்பான். அப்படியானால் ஈதல் என்பது மேலிருந்து இல்லாதவனுக்கு இறங்கி வருகிற கொடை. படையலும் காணிக்கையும் கீழிருந்து மேலே போகின்றன, கெடா வெட்டும் அந்தத் திசைதான். கிறிஸ்தவ நம்பிக்கையில் சிலுவை முதலில் இறங்கி வருகிற கொடை. யோவான் 3:16, உலகம் தேவனுக்கு எதையோ கொடுத்தது என்று சொல்லவில்லை, தேவன் தம் குமாரனைத் "தந்தருளி" அன்புகூர்ந்தார் என்கிறது. தேவன் "கிறிஸ்துவுக்குள்" இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:19). பாவத்தால் நேர்ந்த கடனுக்கு ஈடு கட்டப்பட்டது என்கிற விளக்கத்தை 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்கிற இறையியலாளர் விரிவாக எழுதினார், அதில் ஆழம் உண்டு. ஆனால் நம் பக்கத்துக் கூட்டங்களில் அது "பிதா கோபத்தில் குமாரனை அடித்தார்" என்கிற அளவுக்குச் சுருங்கி ஒலிபெருக்கியில் வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிதாவையும் குமாரனையும் எதிரெதிரே நிறுத்துகிற பேச்சு அது, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தை அறிக்கையிடுகிற சபை அப்படிப் பேசக் கூடாது. கேட்ட சாமியும் கொடுத்த சாமியும் ஒன்றே, வெளியே நின்று வாங்கிக்கொண்டவர்கள் நாம்.

அப்படியானால் சரியான தமிழ் எது? தியாகம் என்பதும் வடமொழிதான், துறத்தல், விட்டுக்கொடுத்தல் என்று பொருள். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு இறந்த திருப்பூர்க் குமரனைத் தியாகி என்கிறோம், அதையே தனித்தமிழில் ஈகி என்கிறோம், செயல் ஈகம். பிள்ளைகளுக்காக அப்பனும் ஆத்தாளும் இழப்பதற்கும் நாட்டுக்காக உயிர் விடுவதற்கும் ஈகம் நன்றாகப் பொருந்துகிறது. சிலுவையின் இறங்கி வருகிற பக்கத்துக்கும் பொருந்தும், ஈ என்ற வேரே அதற்குச் சாட்சி. ஆனால் பாவத்தைத் தீர்ப்பது என்ற பொருள் அதில் இல்லை. அதற்கு வேறொரு பழந்தமிழ்ச் சொல் இருக்கிறது: கழுவாய். புறநானூறு 34-இல் ஆலத்தூர் கிழார், ஆவின் மடியை அறுத்தவனுக்கும் பெற்றோரைத் தப்பியவனுக்கும்கூட "வழுவாய் மருங்கில் கழுவாயும் உள" என்கிறார். கிருபாதாரபலி என்று பழைய மொழிபெயர்ப்பு கட்டிய சொல்லுக்கு எதிரே, 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு "நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே" என்று 1 யோவான் 2:2-இல் இந்தச் சொல்லைத்தான் வைத்தது. அந்தத் தேர்வுக்கு ஒரு கும்பிடு போடலாம். நன்றி கொன்றவனுக்கு மட்டும் உய்தி இல்லை என்று அந்தப் புறப்பாட்டு அடுத்துச் சொல்கிறது. அனைத்துலகின் பாவங்களுக்கும் கழுவாய் என்கிற வசனம் அந்த ஒரு ஆளையும் வெளியே விடுவதில்லை.

கத்தோலிக்கர் திருப்பலி என்கிறார்கள், கருமத்தம்பட்டிப் பக்கத்து வயதானவர்களுக்கு அது இன்னமும் பூசைதான். 1623-இல் சேந்தமங்கலம், சேலம் என்று வந்து போதித்த ராபர்ட் தெ நொபிலி காலத்து இயேசு சபையாரின் தமிழ் அது. திருப்பலியில் இயேசு மறுபடி கொல்லப்படுவதாக யாரும் நம்பவில்லை, அந்த ஒரே பலி பீடத்தில் நம் முன் நிற்கிறது என்பதே அவர்கள் போதனை. சி.எஸ்.ஐ.காரர்கள் அந்தப் பலி "ஒரேதரம்" நடந்து முடிந்தது என்பதை அழுத்தி, அதே வழிபாட்டைத் திருவிருந்து என்கிறார்கள்.

பலி என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், திருமறை முழுக்க அதுதான் ஓடுகிறது. மாற்ற வேண்டியது அதோடு ஒட்டுகிற வினையை. "பலியானார்" என்றால் அது அவருக்கு நேர்ந்த ஒன்று, லாரி மோதியவருக்கும் அதே வினைதான். எபேசியர் 5:2 "தம்மை... பலியாகவும் ஒப்புக்கொடுத்து" என்று எழுதியிருக்கிறது. வரும் பெரிய வெள்ளிக்குப் பிரசங்கம் எழுதுகிறவர்கள் "ஆனார்" என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, "தம்மை ஒப்புக்கொடுத்தார்" என்று போடுங்கள். கேட்கிறவர்கள் நம் ஊர் ஆட்களாக இருந்தால் "தம்மையே நேர்ந்து கொடுத்தார்" என்று சொல்லுங்கள், விளக்கவே வேண்டியதில்லை.