வேலை மாறலாம், சர்வீஸைத் தொலைக்க வேண்டாம்

சென்னையில் சிறிய கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கும் பி.எஃப். வேலையும் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். "எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை சார் வேலை மாறலாம்?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். மூன்று வருடமா, ஐந்து வருடமா என்பதை விட, எந்தத் தேதியில் மாறுகிறீர்கள், மாறும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

போன மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்தார். வயது 36. பன்னிரண்டு வருடத்தில் ஆறு கம்பெனி. நல்ல தொழில்காரர், ஒவ்வொரு மாற்றத்திலும் சம்பளம் ஏறியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் இருந்து, பி.எஃப். பணத்தை எடுத்த பிறகுதான் அடுத்த இடத்தில் சேர்ந்திருக்கிறார். தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், ஒரு முறை பைக். எதையும் வீண் செலவு என்று சொல்ல முடியாது.

பி.எஃப். பணத்தோடு, அதே கணக்கில் சேரும் பென்ஷன் பணத்துக்கும் ஃபார்ம் 10சி போட்டு எடுத்திருந்தார். அங்கேதான் அடி. பென்ஷன் கிடைக்கப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை, ஆறு இடத்து சர்வீஸையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் அத்தோடு முடிந்துவிடும். பாஸ்புக்கைத் திறந்து காட்டினேன். அவர் கணக்கில் மிச்சம் இருந்தது 1 வருடம் 8 மாதம். ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பேச்சு வரவில்லை.

பணத்தை எடுக்காமல் கணக்கை மாற்றியிருந்தால் ஒன்றும் போயிருக்காது. ஃபார்ம் 13 போட்டுப் பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றினால் பணமும் வரும், சர்வீஸும் வரும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும் பி.எஃப். எண்ணான யு.ஏ.என். ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், புது இடத்தில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள். மொத்த சர்வீஸ் ஐந்து வருடம் ஆகும் முன் பி.எஃப்.பை எடுத்தால் வருமான வரிக் கணக்கிலும் வரும் என்பது தனிக் கதை.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது சர்வீஸுக்காகக் கம்பெனி கொடுக்கும் மொத்தத் தொகை. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஒரே கம்பெனியில் ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் வேண்டும். அக்கவுண்ட்ஸ் பார்த்த ஒரு பெண் மாதம் 4,000 ரூபாய் கூடுதல் என்று நான்கு வருடம் ஐந்து மாதத்தில் ராஜினாமா கொடுத்தார். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 24,000. ஐந்து வருடத்துக்குக் கணக்கு: 24,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 69,230 ரூபாய். வாரம் ஆறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் முடித்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் அவர் அதைக் கேட்டு வாதாடியிருக்கலாம். புது கம்பெனியில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டுப் பார்த்தாரா என்றேன். கேட்கத் தோன்றவில்லை என்றார்.

என் சொந்த அபிப்பிராயம்: தொழில் கற்கும் முதல் ஏழெட்டு வருடத்தில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவதில் தப்பே இல்லை. ஒரே இடத்தில் இருப்பவருக்கு வருடாந்திர உயர்வு மட்டும்தான், வெளியே போனால்தான் உண்மையான மதிப்பு தெரிகிறது. ஒரு வருடம்கூட ஆகாமல் திரும்பத் திரும்பத் தாவினால்தான் இன்டர்வியூவில் பதில் சொல்லக் கஷ்டம். ஆனால் நான்கு வருடம் தாண்டிவிட்டால் காலண்டரைப் பார்க்காமல் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்.

வெளியே வரும்போது ரிலீவிங் லெட்டர், கடைசி மாதச் சம்பளச் சீட்டு இரண்டையும் கையோடு வாங்குங்கள். வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பி.எஃப். கணக்கில் பதிவு செய்யாவிட்டால் கடைசிப் பணம் கட்டிய இரண்டு மாதத்துக்குப் பிறகு நீங்களே ஆன்லைனில் பதியலாம். அது இல்லாமல் மாற்றல் நகராது.

அந்த சூப்பர்வைசர் போன வாரம் மறுபடி வந்தார். ஒரகடத்தில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறதாம், போகலாமா என்று தயங்கினார். தாராளமாகப் போங்கள் என்றேன். ஆதாரிலும் பி.எஃப்.பிலும் அவர் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து சரிபார்த்தோம். இனிஷியல் மட்டும் மாறியிருந்தது, திருத்த மனு போட்டாயிற்று.