மாடல் ரயில்: பெட்டி திறக்கும் முதல் ஐந்து நிமிடம்

மாடல் ரயில்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வரும் என்ஜின்களில் மோட்டார் கெட்டவை குறைவுதான். கைப்பிடிக் கம்பி ஒடிந்தது, ஏணிப்படி பிய்ந்தது, பாண்டோகிராஃப் (மேலே உள்ள மின்கம்பியைத் தொடும் கூரைச் சட்டம்) வளைந்தது, டெண்டருக்கு, அதாவது நீராவி என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டிக்கு, போகும் ஒயர் அறுந்தது என்றுதான் அதிகம் வருகின்றன. எப்போது உடைந்தது என்று கேட்டால், பெட்டியிலிருந்து எடுக்கும்போது என்பார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி, தண்டவாளத்தைத் தொடும் முன்பே என்னிடம் வந்துவிடுகிறது. அதைக் கொடுத்துவிட்டு நிற்பவரைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கொஞ்சம் பொறுமை இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடல்களின் அளவு வகைகளில் எச்ஓ (HO) என்பது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, ‘என்’ (N) என்பது 160-இல் ஒரு பங்கு. நிஜத்தில் 3 செ.மீ. தடிமனுள்ள கம்பியை அதே கணக்கில் செய்தால் எச்ஓவில் 0.35 மி.மீ.தான் வரும், ‘என்’ அளவில் 0.2 மி.மீ.கூட வராது. அதே வண்டிக்குள், சக்கரம் வழுக்காமல் இருக்க உலோக எடைக்கட்டி வைத்திருப்பார்கள். எச்ஓ என்ஜின் ஒன்று அரைக் கிலோவை நெருங்குவது சாதாரணம். அவ்வளவு கனமும் முடி போன்ற கம்பியும் ஒரே உடம்பில் இருக்கின்றன. தவறான இடத்தில் பிடித்துத் தூக்கினால் மொத்த எடையும் அந்தக் கம்பியில்தான் தொங்கும்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: வண்டியைப் பெட்டியிலிருந்து இழுக்காதீர்கள், வண்டியைச் சுற்றியிருக்கும் பெட்டியின் பாகங்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள். கேட்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கை செய்யும் வேலை வேறு.

பார்சல் குளிரில் பயணம் செய்து வந்திருந்தால் சில மணி நேரம் திறக்காமல் அப்படியே வையுங்கள். சில்லிட்ட உலோகத்தின்மேல் அறைக்காற்றின் ஈரம் படிந்துவிடும். மேசையில் வழவழப்பான மெத்துத் துணியோ ஃபோம் தாளோ விரியுங்கள். தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம். அதன் நூல் வளையங்கள் சின்னக் கம்பிகளில் மாட்டி இழுக்கும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டேப்பை வெட்டும்போது கட்டர் பிளேடு நுனி மட்டும் வெளியே இருந்தால் போதும்.

உறைபோன்ற வெளிப்பெட்டிக்குள், வண்டி வைத்த தட்டு இறுக்கமாக இருக்கும். அவசரத்தில் பெட்டியைச் செங்குத்தாகப் பிடித்து உதறுவார்கள். தட்டு காற்றுப் பிடிப்பில் நின்று நின்று வந்து, கடைசியில் ஒரே குதியாக விழும். பெட்டியை மேசையில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் திறந்து, தட்டைக் கிடைமட்டமாக மெல்ல நகர்த்துங்கள். தட்டு வெளியே வந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபோம் துண்டு எங்கே இருந்தது, வண்டி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது பிறகு நினைவில் இருக்காது.

தெளிந்த பிளாஸ்டிக் கூடு என்றால் மூடியைக் குழிக்குள் அழுந்திப் பிடிக்கும் பொத்தான்கள் பிடித்திருக்கும். ஒவ்வொரு மூலையாக விடுவித்து, நேர் மேலே தூக்குங்கள். சாய்த்தால் மூடியின் விளிம்பு கம்பிகளை வழித்துக்கொண்டு போகும். வண்டி இன்னும் இறுக்கமாக இருந்தால் கூட்டின் பக்கச் சுவரை வெளிப்புறமாக லேசாக விரியுங்கள், பிடி தளரும்.

ஃபோம் வைத்த பெட்டியில் முதலில் சின்னத் துண்டுகளைத் தேடுங்கள். போகிக்கும் (அடியில் சக்கரங்கள் பொருத்திய சட்டம்) உடலுக்கும் நடுவே, வண்டிகளை இணைக்கும் கப்ளிங்குக்குக் கீழே, பாண்டோகிராஃப் மேலே எனப் பல இடங்களில் சொருகியிருப்பார்கள். அவை இருக்கும்போதே வண்டியைத் தூக்கினால் அவற்றோடு பாகமும் வரும். வண்டியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த வரம். தாளின் இரண்டு ஓரங்களையும் மேலே சேர்த்துப் பிடித்து, தொட்டில்போல நேராகத் தூக்கித் துணியில் வையுங்கள். தாளை அடியிலிருந்து உருவாதீர்கள். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் பிடித்துத் தூக்கிய பிறகு எடுங்கள்.

பாதுகாப்பான இடம் எது? டீசல் என்ஜின் என்றால் அடியில் இருக்கும் எரிபொருள் தொட்டிதான். மின்சார என்ஜினில் கூரையைத் தொடவே வேண்டாம், நொறுங்கக்கூடிய எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. நீராவி என்ஜினுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் விரல் அழுத்தினால் லேசாக வளையும், ஓடும்போது திக்கும். கொதிகலனில் கம்பி இல்லாத வழவழப்பான பகுதியை ஒரு கையால் பிடித்து, மறு கையை டெண்டருக்குக் கீழே கொடுத்து, இரண்டையும் ஒரே மட்டத்தில் தூக்குங்கள். பல மாடல்களில் இரண்டுக்கும் நடுவே நுண்ணிய ஒயர்கள் ஓடுகின்றன.

எவ்வளவு முயன்றும் வண்டி அசையவில்லையா? பலத்தைக் கூட்டாமல் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கனமான மாடல்களை அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கி அனுப்புவதுண்டு. வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கழற்றி, பத்திரமாக எடுத்து வையுங்கள். குறிப்புத்தாளில் எந்த ஸ்க்ரூ என்று போட்டிருக்கும். முன்பே படியுங்கள், ஏனென்றால் பக்கத்திலேயே வண்டியின் சொந்த ஸ்க்ரூவும் இருக்கலாம்.

பழைய மாடல்கள் தனி ரகம். பல ஆண்டுகள் மூடியே இருந்த பெட்டிகளில் பாலியூரிதேன் ஃபோம் பிசுபிசுத்து, பெயின்ட்டோடு ஒட்டிப்போயிருக்கும். அதைப் பிய்த்தால் எழுத்தும் கோடும் சேர்ந்து உரியும். ஃபோமைச் சுற்றிலும் வெட்டி விடுவித்து, ஒட்டிய படலத்தை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடுங்கள். பிறகு நிதானமாகச் சுத்தம் செய்யலாம். தின்னர், ஆல்கஹால் பக்கம் போகாதீர்கள். மிகப் பழைய வார்ப்பு உலோக வண்டி வீங்கியோ விரிசல் விட்டோ தெரிந்தால், ஈயம் போன்ற கலப்படத்தால் துத்தநாகக் கலவை உள்ளுக்குள்ளேயே நொறுங்குகிறது என்று அர்த்தம். அதை இரு முனையில் பிடிக்காமல் முழு நீளத்தையும் அடியிலிருந்து தாங்குங்கள்.

வண்டி வெளியே வந்ததும் காலித் தட்டை வெளிச்சத்தில் பாருங்கள். உதிர்ந்த படியோ ஹார்னோ அங்கே கிடக்கும். கூடுதல் பாகங்கள் உள்ள சின்னப் பொட்டலமும் தட்டின் அடியில் ஒளிந்திருக்கும், அதைக் குப்பையில் போட்டுவிட்டுத் தேடுபவர்கள் நிறைய. சக்கரங்களுக்கிடையே ஃபோம் தூளோ தாள் கிழிசலோ இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

ஏதாவது உடைந்தே வந்திருந்தால், எதையும் அசைப்பதற்கு முன் பெட்டியோடு சேர்த்துப் படம் எடுங்கள். விற்றவரிடம் பேச அது தேவைப்படும். உடைந்த துண்டை ஒரு சின்ன கவரில் போட்டு வையுங்கள். தயவுசெய்து உடனே சூப்பர் குளூ எடுக்க வேண்டாம். அதன் ஆவி ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படிந்துவிடும். மேலும் கைப்பிடிக் கம்பிகள் பலவும் அசிட்டால் என்ற வழுக்கும் பிளாஸ்டிக். அதில் அந்தப் பசை பிடிக்கவும் பிடிக்காது. துண்டு கைவசம் இருந்தால் சரிசெய்வது பெரும்பாலும் சின்ன வேலைதான். துண்டு தொலைந்து, பசையும் பரவி வந்தால் வண்டியின் மேல் உடலையே மாற்றும்படி ஆகிவிடும், அதற்கு உதிரிபாகம் கிடைப்பதே பல சமயம் பெரும்பாடு.