இடுப்பு அசையாமல் நடப்பது எப்படி? தியோ யான்சனின் கடற்கரை விலங்குகள்

கடற்கரை மணலில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குச் சக்கரத்தின் குறை தெரியும். டயர் மணலுக்குள் புதையும். எதிரே குவியும் மணலை வழி முழுக்க ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். கால் அப்படியல்ல. ஓரிடத்தில் ஊன்றும், தூக்கும், அடுத்த இடத்தில் ஊன்றும். நடுவில் உள்ள மணலைத் தொடுவதே இல்லை. ஆனால் காலால் நடந்தால் இடுப்பு ஏறி இறங்கும், அடிக்கு அடி உடலைத் தூக்குவதிலேயே தெம்பு வீணாகும். மணலைக் கால்போல் மிதிக்க வேண்டும், இடுப்பு மட்டும் வண்டியின் அச்சுபோல் ஒரே மட்டத்தில் போக வேண்டும். நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன் 1990 முதல் செய்துவரும் 'ஸ்ட்ராண்ட்பேஸ்ட்'களின் மூலக் கணக்கு இதுதான். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடற்கரை விலங்கு என்று பொருள். மோட்டாரும் பேட்டரியும் இல்லாமல், காற்று வீசினால் நடக்கும்.

யான்சன் 1948இல் ஸ்கெவெனிங்கன் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, பட்டம் வாங்காமலே வெளியேறி ஓவியரானார். 1980இல் ஹீலியம் நிரப்பிய, பறக்கும் தட்டு போன்ற ஒன்றை டெல்ஃப்ட் நகரத்தின் மேல் மிதக்கவிட்டு ஊரையே கலங்கடித்தார். 1990இல் ஃபோல்க்ஸ்கிரான்ட் நாளிதழில் அவர் எழுதிவந்த பத்தியில் ஒரு யோசனை வந்தது: கடல் மட்டம் உயர்கிறது, கரையில் தானாகத் திரியும் எலும்புக்கூடுகள் மணலை வாரி மணல்மேடுகளில் சேர்த்தால் நாடு தப்பும். மணல்மேடு வளர்ந்ததோ இல்லையோ, எலும்புக்கூடு வந்துவிட்டது. ஒரு வருடம் ஒதுக்கிப் பார்ப்போம் என்று தொடங்கிய வேலை முப்பது வருடங்களைத் தாண்டிவிட்டது.

காலின் அமைப்புக்கு வருவோம். சுற்றுவது ஒரே ஒரு கிராங்க், அதாவது சைக்கிள் பெடலைத் தாங்கும் கை போன்ற சுழலும் கை. அந்த வட்டச் சுழற்சி, பாதத்துக்குப் போய்ச் சேரும்போது அடிப்பக்கம் தட்டையான, மேல்பக்கம் வளைந்த பாதையாக மாற வேண்டும். தட்டைப் பகுதியில் பாதம் தரையில் இருக்கும், உடல் மேலும் கீழும் ஆடாது. வளைந்த பகுதியில் பாதம் தூக்கி முன்னால் வரும். இந்த மாற்றத்தைச் செய்பவை கோல்களின் நீளங்கள், வேறெதுவும் இல்லை. சட்டத்தையும் சேர்த்து ஒரு காலில் 8 உறுப்புகள், 10 கீல்கள். (மூன்று உறுப்புகள் சேரும் இடத்தை இரண்டு கீலாக எண்ண வேண்டும்.) அசையும் உறுப்புகள் 7. தட்டையான தளத்தில் ஒவ்வொரு உறுப்பும் மூன்று வகையில் (முன்பின், மேல்கீழ், சுழற்சி) அசையலாம்: 7 × 3 = 21. ஒவ்வொரு கீலும் அதில் இரண்டைத் தடுக்கும்; 10 கீல்களுக்கு 20 கழித்தால் மீதி 1. அதாவது கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லிவிட்டால் பாதம் எங்கே என்பது முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் காலுக்கு மூளை வேண்டியதில்லை.

சரியான நீளங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? காலின் வடிவத்தை முடிவுசெய்யும் 11 அளவுகளுக்கும் தலா 10 நீளங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் 10,000 கோடிக் கால்கள் வரும். அன்றைக்கு யான்சனிடம் இருந்தது ஒரு அட்டாரி கணினி. அத்தனையும் பார்க்க ஆயுள் போதாது. அவர் பரிணாமத்தைக் கடன் வாங்கினார். கணினி 1,500 கால்களைக் கண்டபடி உருவாக்கும். விரும்பிய பாதைக்கு நெருக்கமான 100 கால்களை மட்டும் வைத்துக்கொள்ளும். அவற்றின் நீளங்களைக் கலந்து மறுபடி 1,500. மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிய பிறகு கிடைத்தவையே அவர் 'புனித எண்கள்' என்று சொல்லும் அளவுகள்.

அவை ரகசியமல்ல. கிராங்க் மையத்திலிருந்து பக்கவாட்டில் 38, கீழே 7.8 தள்ளி, சட்டத்தில் அசையாமல் நிற்கும் ஒரு நிலை அச்சு. கிராங்கின் ஆரம் 15. கிராங்கின் சுழலும் முனையில் உள்ள ஊசியிலிருந்து (கிராங்க் ஊசி) மேலே ஒரு கோல் 50, கீழே ஒரு கோல் 61.9. நிலை அச்சில் மேல் முக்கோணம் மாட்டியிருக்கும்: அச்சிலிருந்து மேல் முனைக்கு 41.5, வெளி முனைக்கு 40.1, இரு முனைகளுக்கும் இடையே 55.8. 50 அளவுள்ள கோல் இந்த மேல் முனையைப் பிடித்து ஆட்டும். அதே நிலை அச்சிலிருந்து கீழே 39.3 கோல், அது 61.9 கோலைச் சந்திக்கும் இடத்தை முழங்கால் என்று வைத்துக்கொள்வோம். முழங்காலிலிருந்து கீழ் முக்கோணம்: வெளி முனைக்கு 36.7, பாதத்துக்கு 49, வெளி முனையிலிருந்து பாதத்துக்கு 65.7. இரண்டு முக்கோணங்களின் வெளி முனைகளையும் 39.4 கோல் இணைக்கும். கிராங்கின் 15, இறக்கத்தின் 7.8 இரண்டையும் விட்டுவிட்டால் எண்கள் 11.

வீட்டில் செய்து பார்க்க ஒரு அலகுக்கு 2 மில்லிமீட்டர் வசதியாக இருக்கும். கிராங்க் 30 மி.மீ., மிக நீளமான கோல் 131.4 மி.மீ. எல்லா அளவும் துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு. கோலின் முனையிலிருந்து அளந்தால் கால் நொண்டும். பாதம் ஊன்றும்போது கிராங்க் மையத்திலிருந்து தரை ஏறக்குறைய 92 அலகு, அதாவது 184 மி.மீ. கீழே இருக்கும். மாட்டியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: கிராங்க் ஊசி நிலை அச்சைவிட்டு விலகி நிற்கும்போது பாதம் தரையில் இருக்க வேண்டும், அச்சை நெருங்கும்போது தூக்கியிருக்க வேண்டும். இதனால் இன்னொரு ஆதாயமும் கிடைக்கிறது. கிராங்கின் மறுபக்கத்தில் கண்ணாடி பிம்பம்போல் இன்னொரு காலை அதே ஊசியில் மாட்டினால், ஒன்று ஊன்றும்போது மற்றது தானாகத் தூக்கும்.

ஒரு ஜோடி மட்டும் நிற்காது. ஒரே கிராங்க் ஷாஃப்டில் மூன்று ஜோடிகள், ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி. இந்தக் கோணம் பிசகினால் ஒரு கணம் தாங்குவதற்குப் போதிய பாதம் இல்லாமல் உடல் குனியும். பெரும்பாலான மாதிரிகள் கெட்டுப்போவது இங்கேதான்: மெல்லிய கம்பியில் செய்த ஷாஃப்ட், சுமை ஏறியதும் முறுக்கிக்கொள்ளும், முதல் ஜோடிக்கும் கடைசி ஜோடிக்கும் இடையே கோணம் மாறிவிடும். இன்னொரு தொல்லை, ஒரே ஊசியில் நான்கு கோல்கள் வருவது. இடையிடையே வாஷர் வைத்து அடுக்காவிட்டால் கோலோடு கோல் இடிக்கும். போல்ட்டை இறுக்கி முடுக்கினால் கீல் பிடித்துக்கொள்ளும், தளர விட்டால் எல்லாக் கீல்களின் ஆட்டமும் சேர்ந்து பாதத்தில் வந்து நிற்கும். நைலான் வளையம் உள்ள லாக் நட் போட்டால் இரண்டுக்கும் நடுவே நிறுத்தலாம். டைல்ஸ் தரையில் பாதம் வழுக்கும், ரப்பர் துண்டு ஒட்ட வேண்டும்.

யான்சனின் மூலப்பொருள், நெதர்லாந்து வீடுகளில் மின்கம்பி ஓடும் மஞ்சள் நிற பி.வி.சி. பைப். மலிவு, லேசு, சூடாக்கினால் வளையும். அவருடைய விலங்குகளின் வரலாற்றையே மூட்டுகளின் வரலாறு என்று சொல்லலாம். முதல் விலங்கை ஒட்டும் டேப்பால் கட்டினார். அது மல்லாந்து படுத்துக் காலை ஆட்டியதோடு சரி. 1991இல் கேபிள் டைக்கு மாறிய பிறகுதான் ஒன்று எழுந்து நடந்தது. பிறகு சூடான காற்றால் பைப்பை இளக்கி மூட்டைப் பைப்பிலேயே வடித்தார்.

காற்று நின்றால்? முதுகில் உள்ள இறக்கைகள் காற்றில் அடித்து, சைக்கிள் பம்பு போன்ற குழாய்களை இயக்கி, காலி குளிர்பான பாட்டில்களில் காற்றை அழுத்தி நிரப்பும். பைப்புக்குள் பைப் வைத்த உருளைகள் அந்தக் காற்றால் நீண்டு தசையின் வேலையைச் செய்யும். தரையை ஒட்டித் தொங்கும் ஒரு குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டே போகும். தண்ணீரைத் தொட்டதும் உறிஞ்சுவது தடைபடும், அந்தத் தடையே 'கடல் வந்துவிட்டது, திரும்பு' என்ற செய்தி. பைப்பாலான வால்வுகளை ஒன்றுக்கொன்று கோத்து இரும எண்ணில் அடிகளை எண்ணும் கருவியும் செய்தார். கணினிக்குள் இருப்பதும் இதே தர்க்கம்தான், மின்சாரத்துக்குப் பதில் காற்று.

இத்தனை இருந்தும் மணலை வெல்வது கடினம். கீலுக்குள் மணல் நுழைந்தால் உரசல் கூடும், புயல் வந்தால் கவிழும். ஒவ்வொரு கோடையிலும் ஒரு விலங்கைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பார். பருவம் முடிந்ததும் அது அழிந்துவிட்டதாக அறிவித்து, உடம்பை எலும்புக் குவியலில் சேர்த்துவிடுவார். 2016 வாக்கில் தொடங்கிய புதிய இனம் கம்பளிப்பூச்சியைப் போல நெளிந்து போகிறது. அதற்குப் புனித எண்களும் இல்லை, அந்தக் காலும் இல்லை. உடலே அலையாக வளைவதால், மணல் புக மூட்டும் இல்லை.