எஃபெக்ட்ஸ் லூப்: சொல்லும் பொருளும்

கிட்டார் ஆம்ப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சென்ட், ரிட்டர்ன் என்று எழுதிய இரண்டு துளைகள் இருக்கும். இந்த ஜோடிக்குத்தான் எஃபெக்ட்ஸ் லூப் என்று பெயர். எல்லா ஆம்ப்பிலும் இருக்காது: பழைய ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் கிடையாது, 1990இல் வந்த மார்ஷல் ஜேசிஎம் 900இல் உண்டு.

ஆம்ப் என்பது ஒரே பெட்டிக்குள் அடைத்த இரண்டு பெருக்கிகள். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஏற்றி, பாஸ், ட்ரெபிள் பார்த்து, கெயினைத் திருகினால் கரகரப்பும் சேர்த்துக் கொடுப்பது முன்பெருக்கி. அதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவாக்குவது திறன்பெருக்கி. சென்ட் வழியாக முன்பெருக்கியை விட்டு வெளியே வந்து, பெடல்களுக்குள் (ஒலியை மாற்றும், காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிகள்) புகுந்து, ரிட்டர்ன் வழியாகத் திறன்பெருக்கிக்குள் போய்விடலாம்.

எதற்கு இந்தச் சுற்று? ஒலியைக் கொஞ்சம் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் டிலே பெடலை ஆம்ப்புக்கு முன்னால் மாட்டி, கெயினை முக்கால்வாசி ஏற்றி ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) அடித்துப் பாருங்கள். மூல ஒலியும் எதிரொலியும் சேர்ந்தே டிஸ்டார்ஷனுக்குள், அதாவது அந்தக் கரகரப்புக்குள், போவதால், படிப்படியாகத் தேய வேண்டிய எதிரொலி தேயாமல் நசுங்கிக் கூழாகிவிடும். அதே பெடலை லூப்பில் மாட்டினால் கரகரப்பு ஏறி முடிந்த ஒலிதான் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். அதனால் டிலேயும், பெரிய அறையின் முழக்கத்தைத் தரும் ரிவெர்பும் லூப்பில்; 'வா வா' என்று ஒலியை வளைக்கும் வா, கரகரப்பு சேர்க்கும் ஓவர்டிரைவ், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரெசர் முன்னால் என்பது வழக்கம். சிக்னலை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் பெடலை முன்னால் வைத்தால் கரகரப்பு கூடும், லூப்பில் வைத்தால் சத்தம் கூடும். சோலோவுக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஆனால் திறன்பெருக்கியே கரகரக்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றி வைத்திருந்தால் லூப்பால் பெரிய பயன் இல்லை.

சரி, சொல்லுக்கு வருவோம்: எஃபெக்ட்ஸ் லூப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? எஃபெக்ட் லத்தீன் வழி வந்தது, 'செய்து முடித்தது' என்ற பொருளில். தமிழில் 'விளைவு' என்று நிலைத்துவிட்டது. தகராறு லூப்பில்தான். ஆங்கிலத்தில் அது முதலில் கயிற்றையோ நூலையோ வளைத்து விட்ட கண்ணி. பேன்ட் இடுப்பில் பெல்ட் நுழைக்க டெய்லர் வைக்கும் லூப்பும் இதே சொல்தான். கணினித் தமிழில் லூப்புக்கு மடக்கு என்கிறார்கள். வந்த சொற்களே மறுபடி வரும் செய்யுள் அணிக்கும் அந்தப் பெயர் உண்டு என்பதால் அங்கே அழகாகப் பொருந்துகிறது. வாசித்ததைப் பதிந்து சுற்றவிடும் லூப்பர் பெடலுக்கும் அது சரி. இங்கே சரிப்படாது, ஏனென்றால் சிக்னல் எதுவும் திரும்ப ஓடுவதில்லை, ஒரே முறை வெளியே போய் உள்ளே வருகிறது, அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் லூப் லைன்தான் இதற்குச் சரியான உவமை. ஆகவே என் ஓட்டு 'விளைவுச் சுற்றுவழி'க்கு. 'ஒலிவிளைவு வளையம்' என்றால் ஏதோ நகை மாதிரி இருக்கிறது.

லூப்பிலும் இரண்டு வகை. தொடரிணைப்பில் சிக்னல் முழுவதும் பெடல் வழியாகத்தான் போகும். பக்க இணைப்பில் ஒரு பங்கு நேரே போய்விடும், ஆம்ப்பில் உள்ள மிக்ஸ் குமிழால் கலவையைப் பார்த்துக்கொள்ளலாம். அப்போது பெடலில் மூல ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு விளைவை மட்டும் வையுங்கள். சில ஆம்ப்களில் லூப்பின் சிக்னல் அளவை மாற்ற +4, -10 (டெசிபெல் அளவுகள்) என்று ஒரு சுவிட்சும் இருக்கும். காலால் மிதிக்கும் பெடல்களுக்கு -10. +4இல் விட்டால் பெடலின் உள்வாயிலேயே சிக்னல் பிதுங்கி அசிங்கமாகக் கரகரக்கும்.

அப்புறம் ஒன்று. லூப்பில் எதுவும் மாட்டாதபோது, ரிட்டர்ன் துளைக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகடுதான் பல ஆம்ப்களில் இரண்டு பெருக்கிகளையும் இணைக்கிறது. அதில் களிம்பேறினால் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் பொசுக்கென்று இறங்கும். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டி கேபிள் போட்டுப் பாருங்கள். சத்தம் திரும்பி வந்தால் ஆம்ப்பில் சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாயை (வால்வை) மாற்ற வேண்டாம், கான்டாக்ட் க்ளீனர் போதும்.